காலமானார் அக்கா

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலாளி முதல் ஆசிரியர் வரை எல்லோருக்கும் அவர் காலமானார் அக்கா. வரி விளம்பரப் பிரிவில் இரண்டாவது மேசை. யாராவது இறந்துபோனால் அந்த வீட்டிலிருந்து தொலைபேசி வரும். அவர்கள் சொல்வதைக் கேட்டு, அறிவிப்பாகக் கணினியில் தட்டி, பக்கத்துக்கு அனுப்புவது அவர் வேலை. இருபத்தொன்பது வருஷம் அதே நாற்காலி. புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுத் திடுக்கிட்டால், "பயப்படாதீங்க, நான் இன்னும் ஆகல" என்பார்.

நான் அங்கே மெய்ப்பு பார்ப்பவன். அச்சுக்குப் போகும் முன் தாள்களை வாசித்து, பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்துகிறவன். க், ச், த், ப் எங்கே மிகும், எங்கே மிகாது என்று கண்டவர்களிடமெல்லாம் மல்லுக்கு நிற்பேன். அதனால் அக்கா எனக்குச் சந்திப்பிழை என்று பெயர் வைத்தார். என் கல்யாணப் பத்திரிகையில் ஒரு ஒற்று விட்டுப்போனதற்கு நான் மாமனாரோடு இரண்டு நாள் பேசவில்லை என்று அவருக்குத் தெரிந்த பிறகு, அந்தப் பெயர் நிலைத்தே போய்விட்டது.

அக்கா வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். ஆள் இறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத வீடுகளிலிருந்து பேசுவார்கள். பலருக்குக் குரலே எழும்பாது. அக்கா பெயரையோ வயதையோ முதலில் கேட்கமாட்டார். "அவங்களை வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அது அச்சில் வராது. பின்னே எதற்குக் கேட்கிறீர்கள் என்று ஒருமுறை நான் கேட்டேன்.

"மொதல்ல அவங்களுக்குப் பேச்சு வரணும்ப்பா. அதைக் கேட்டா பேச்சு வந்துரும். அப்புறம் பொறந்த தேதியெல்லாம் தானா வரும்."

எழுதி முடித்ததும் நிதானமாக இரண்டு தடவை வாசித்துக் காட்டுவார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கும். காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று பதினோரு விதமான சாவு அதில் இருந்தது. எந்த வீட்டுக்கு எது என்பது அவருக்கு அத்துப்படி. சந்தேகம் வந்தால் மட்டும் 'காலமானார்'. "இதுல யாருக்கும் சண்டை இல்ல. காலம் எல்லா வீட்டுக்கும் பொது" என்பார்.

அவருடைய கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒரே மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அக்காவின் வாழ்க்கையில் பெரிய பாரம் என்றால் அது அவர் அம்மா. ஐம்பத்தைந்து வயதில் அந்த அம்மாவுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் வார்த்தைகள் மாறின. கதவைச் சாத்து என்பதற்குப் பதில் கதவைத் துவை என்றார். அதற்கு வீடே சிரித்தது. அப்புறம் அடுப்பு மறந்தது, கரண்டி மறந்தது, பெற்ற மகளின் முகமும் மறந்தது. ஒன்பது வருஷம் அக்கா வேலைக்கும் வந்துகொண்டு, அம்மாவையும் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்தார்.

"நான் யாருன்னே அம்மாவுக்குத் தெரியாது. ஆனா நான் கட்டில்ல போய் உக்காந்தா, சுவர்ப் பக்கமா நகர்ந்து எனக்கு இடம் கொடுப்பாங்க. கடைசி நாள் வரைக்கும்" என்று ஒருமுறை சொன்னார்.

இனி என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும்.

மெய்ப்பு பார்ப்பவன் பிழையை மட்டும் திருத்தலாம். வாசகத்தை மாற்றக் கூடாது. எனக்கோ கை சும்மா இருக்காது. எழுதியவர்களைவிட எனக்குக் கூடுதலாகத் தெரியும் என்ற திமிர். அப்படி இரண்டு முறை மாட்டிக்கொண்டேன். எங்கள் விளம்பர மேலாளருக்குக் கொட்டை எழுத்து என்று பெயர். சாதாரணமாக 'வாங்க' என்பதையே ஒலிபெருக்கியில் சொல்வது மாதிரி சொல்வார். "இன்னொரு தடவை ஒரு வார்த்தையை மாத்தினே, அன்னைக்கே வீட்டுக்குப் போயிரு" என்று அவர் சொன்னது கட்டடத்துக்கே கேட்டது.

அதற்கு நாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அறிவிப்பு வந்தது. ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் இறந்திருந்தார். ஏழாம் நாள் பிக்குகளுக்கு உணவு தானம் நடக்கும் என்றும் அதில் இருந்தது. பௌத்தக் குடும்பம். அந்தச் சமயம் பார்த்து நான் நூலகத்திலிருந்து பௌத்தம் பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்து, சரியாகப் பாதி வாசித்திருந்தேன். பாதி வாசித்தவனைவிட ஆபத்தானவன் கிடையாது. 'குடும்பத்தார் முன்னிலையில் அமைதியாகக் காலமானார்' என்று அக்கா எழுதியிருந்தார். பௌத்தருக்குப் போய்க் காலமானாரா, மரியாதையாக எழுதுவோம் என்று காலமானாரைச் சிவப்பில் அடித்து, மேலே நான் எழுதினேன்.

மறுநாள் காலை பத்திரிகையில் இப்படி வந்தது: 'ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், தமது இல்லத்தில், குடும்பத்தார் முன்னிலையில் அமைதியாக நிர்வாணம் அடைந்தார்.'

புத்தகத்தில் வாசிக்கும்போது அது உயர்ந்த சொல். காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் வாசித்தால், தமிழ் தெரிந்த எவருக்கும் வேறு அர்த்தம்தான் முதலில் வரும். ஊரே சிரித்தது. எங்கள் தொலைபேசி மத்தியானம் வரை ஓயவில்லை. ஒருவர், "எதுக்குங்க அப்படிப் பண்ணினார், ரொம்பப் புழுக்கமா?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

கொட்டை எழுத்து எல்லோரையும் நிறுத்திவைத்துக் கத்தினார். அக்கா கணினியில் தன் கோப்பைத் திறந்தார். என் திருத்தத்தைப் பக்கம் வடிவமைக்கிறவர் அதே கோப்பில்தான் ஏற்றியிருந்தார், அதனால் அதிலும் நிர்வாணம்தான் இருந்தது. ஒரு நாளைக்கு இருநூறு சிவப்புக் கோடுகளை ஏற்றுகிற அந்த மனிதருக்கு எது யாருடையது என்று ஞாபகமே இல்லை. நாலு மாதமாக நான் ஒழுங்காக இருந்ததால் என் பக்கம் யாரும் திரும்பவில்லை. அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என் கோப்புதான் சார். அப்ப நான்தான் எழுதியிருப்பேன்."

 நான் வாயைத் திறந்தால் வேலை போகும். வீட்டில் எட்டு மாதக் குழந்தை. இருபத்தொன்பது வருஷம் பிழையே செய்யாதவர், இவரை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் திருத்திய தாளைக் குப்பைச் சாக்கிலிருந்து உருவி, என் மேசை இழுப்பறைக்குள் அகராதியின் நடுவே செருகிவைத்தேன். ஏன் கிழித்துப் போடவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அக்காவைப் பழைய வாகன விற்பனை விளம்பரத்துக்கு மாற்றினார்கள். நாலாவது மேசை, என் அறைக்கு நேர் எதிரே. நடுவில் கண்ணாடித் தடுப்பு, அதிலும் பாதி இல்லை. இருபத்தொன்பது வருஷம் செத்தவர்களுக்கு எழுதியவர், 'ஒரே கை ஓட்டியது, டயர் புதிது' என்று எழுத ஆரம்பித்தார். "மறுபிறவி எடுத்திருக்கேன் சந்திப்பிழை, பாத்தியா. போன பிறவியில என்ன பாவம் பண்ணேனோ" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அது போன பிறவிப் பாவமில்லை, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு நான் செய்த பாவம்.

இத்தோடு போயிருந்தால்கூட நான் இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் அக்கா மாறிக்கொண்டே வந்தார். ஒரு தொலைபேசி எண்ணை நாலு தடவை சரிபார்த்தார். கைப்பையில் என்னென்ன இருக்கிறது என்று சீட்டு எழுதிவைத்தார். ஒருநாள் பேனா கேட்டுக் கையை நீட்டினேன். அவர் உள்ளங்கையில் மையால் எழுதியிருந்தது தெரிந்தது: 'அடுப்பு அணைச்சாச்சு. கதவு பூட்டியாச்சு.'

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்லப்பா" என்று கையை மூடிக்கொண்டார். பிறகு அவரே சொன்னார். "அந்த வார்த்தையை நான் எழுதினதாவே எனக்கு ஞாபகம் இல்ல. எவ்வளவோ யோசிச்சுப் பார்த்துட்டேன். அம்மாவுக்கும் முதல்ல வார்த்தைதான் மாறிச்சு. எனக்கும் இப்ப ஐம்பத்தஞ்சு."

அன்று நான் சாப்பிடவில்லை. ஆனால் அன்றும் சொல்லவில்லை. சாப்பிடாமல் இருந்ததையே பெரிய தண்டனை மாதிரி நினைத்துக்கொண்டேன் என்பதுதான் வெட்கக்கேடு.

இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கள் மதியம், அந்த ஆசிரியரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். குள்ளமான பெண்மணி, கையில் குடை, தோளில் துணிப்பை. அவர் யாரென்று வாசல் காவலாளி சொன்னதும் கொட்டை எழுத்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அம்மா நேராக அக்காவின் மேசைக்கு வந்தார்.

"அன்னைக்குப் போன்ல பேசினது நீங்கதானே? உள்ளே வரும்போதே நீங்க யார்கிட்டயோ பேசினது கேட்டுச்சு, குரலை வச்சுக் கண்டுபிடிச்சுட்டேன்."

அக்கா எழுந்து நின்றுவிட்டார். "என்னை மன்னிச்சிருங்கம்மா. அந்த வார்த்தை…"

"அட உக்காருங்க. நான் நன்றி சொல்லத்தான் வந்தேன். அவரை வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்கன்னு கேட்டீங்களே. நாங்க விசில்னு கூப்பிடுவோம்னு சொல்லிட்டு நானே சிரிச்சுட்டேன். அந்த வாரம் முழுக்க நான் சிரிச்சது அந்த ஒரு தடவைதாம்மா."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மா தொடர்ந்தார். "ஊர் சிரிச்சதைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. அவர் இருந்திருந்தா அவரும் சேர்ந்து சிரிச்சிருப்பார். ஆனா நீங்க கொடுத்த பதவி ரொம்பப் பெருசு. நிர்வாணம்னா ஆசை, கோபம் எல்லாம் அடியோட அணைஞ்சுபோய், இனிமே பிறப்பே இல்லைன்னு அர்த்தம். இவருக்கா? போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம்கூட எதிர்வீட்டுக்காரரோட குப்பைத்தொட்டிக்காகச் சண்டை போட்டார்! இன்னும் அஞ்சாறு பிறவியாவது வேணும் அவருக்கு."

அக்கா சிரித்தார். அந்த இரண்டு மாதத்தில் அவர் சத்தம் போட்டுச் சிரித்தது அப்போதுதான்.

"அதைவிடக் கூத்து, ஏழாம் நாள் தானத்துக்கு வரவேண்டிய சொந்தக்காரர் போன் பண்ணி, அவர்தான் நிர்வாணமே அடைஞ்சுட்டாரே, நாம செய்யற புண்ணியம் அவருக்கு எதுக்குன்னு கேக்கறார். இப்ப மூணாம் மாச தானம் வருது. அதுக்கு முன்னாடி பேப்பர்ல ஒரு திருத்தம் போட்டுருங்க."

"ரெண்டு மாசம் ஆச்சேம்மா. அந்தப் பேப்பரெல்லாம் இந்நேரம் எங்கேயோ பொட்டலமா மடிச்சிருப்பாங்க."

"இருக்கட்டுமே. தப்புப் பண்ணின பேப்பர் போயிருச்சு. அதால வந்து சொல்ல முடியாது. இன்னைக்குப் பேப்பர் அந்தத் தப்பைப் பண்ணல. ஆனா அதுக்கு அடுத்து வந்தது இதுதானே, அப்ப இதுதான் சொல்லணும். பிறவியும் அப்படித்தாம்மா, எனக்குப் புரிஞ்ச வரைக்கும்."

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் பேனா நின்றுவிட்டது. அக்கா பெருமூச்சு விட்டார்.

"போன பிறவியில நான் என்ன பண்ணேனோ, இந்த வயசுல இப்படி ஒரு பேரு வாங்கணும்னு இருக்கு."

"அப்படிச் சொல்லாதீங்க. எல்லாத்தையும் போன பிறவி தலையில கட்டக் கூடாது. வெயில்ல நின்னா தலை வலிக்கும், அதுக்குப் போன பிறவி எதுக்கு? உடம்பால வர்றது உண்டு, பருவத்தால வர்றது உண்டு, அடுத்தவன் செஞ்சதுல நமக்கு அடிபடறதும் உண்டு. புத்தரே அப்படித்தான் சொல்லியிருக்கார்னு எங்க பிக்கு சொல்வார்."

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு சந்தேகம்மா" என்றார். "எங்கம்மா எல்லாத்தையும் மறந்துட்டுத்தான் போனாங்க. என்னையும்கூட. ஒரு ஞாபகமும் இல்லாம போனவங்க அடுத்த பிறவிக்கு எதைக் கொண்டு போவாங்க?"

"ஞாபகம் எங்கேயும் போறதில்ல. ஆளே போறதில்லம்மா. உயிர்னு ஒண்ணு இந்த உடம்பைக் காலி பண்ணிட்டு அடுத்ததுக்குக் குடிபோகுதுன்னு நாங்க சொல்றதில்ல. செஞ்சது, பழகினது, அதோட வேகம் மட்டும் அடுத்ததைத் தள்ளிவிடும். உங்கம்மா கடைசி வரைக்கும் மறக்காம செஞ்சது ஏதாவது உண்டா?"

"நான் கட்டில்ல உக்காந்தா நகர்ந்து இடம் கொடுப்பாங்க."

அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அது போயிருக்கும். எங்கேயோ ஒரு குழந்தை, யாருக்கோ நகர்ந்து இடம் கொடுத்துக்கிட்டிருக்கும். அது உங்கம்மா இல்ல. ஆனா உங்கம்மா இல்லாம அந்தக் குழந்தை இல்ல."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நல்ல அழுகை. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதுதான் என்னை எழுப்பியது.

"ரொம்ப நன்றிம்மா. இது எனக்கு இப்பத் தேவைப்பட்டது. எனக்கும் அம்மா மாதிரி ஆரம்பிச்சிருச்சு. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறேன். மகள்கிட்ட இன்னும் சொல்லல. வேலையை எழுதிக் கொடுத்துடலாம்னு வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லியிருக்கேன்."

நான் இழுப்பறையைத் திறந்தேன். அகராதியிலிருந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் அக்காவின் மேசையில் வைத்தேன்.  

அக்கா தாளைப் பார்த்தார். அச்சில் இருந்த சொல்லின் மேல் விரலை வைத்தார். "காலமானார்" என்று வாசித்தார். மறுபடியும் வாசித்தார். "காலமானார். நான் சரியாத்தான் தட்டியிருக்கேன். சரியாத்தான் தட்டியிருக்கேன்!" பிறகு விரல் மேலே இருந்த சிவப்பு எழுத்துக்குப் போனது. என் கையெழுத்து அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அறை விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நீயா? நல்லவேளைடா! நீயா!"

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. தொலைபேசியை எடுத்துக் கணவருக்கு அடித்தார். "ஏங்க, எனக்கு ஒண்ணுமில்லைங்க! சந்திப்பிழைதாங்க!" அந்தப் பக்கம் அந்த மனிதர், வியாழக்கிழமை பார்க்கவேண்டிய டாக்டர் இன்றைக்கே ஏதோ நோய்க்குப் பெயர் சொல்லிவிட்டதாக நினைத்து, அது மருந்தில் குணமாகுமா என்று கேட்டாராம்.

அக்கா எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயில் உள்ளங்கையைத் தேய்த்துக் கழுவினார். திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"ரெண்டு மாசமா நான் கையில எழுதிக்கிட்டதை நீ தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

எனக்கு இருந்த பதில் 'ஆமாம்' ஒன்றுதான். அதைச் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

கொட்டை எழுத்திடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கத்தியது உங்களுக்கும் கேட்டிருக்கலாம். என் வேலையைக் காப்பாற்றியது அக்காதான். "அவனை அனுப்பிட்டா ஒற்றுப்பிழையை நீங்களா பார்ப்பீங்க?" என்று அவரிடம் கேட்டாராம். அக்கா தன் பழைய நாற்காலிக்குத் திரும்பினார். பழைய வாகன விளம்பரங்களையும் என் தலையில் கட்டினார்கள், ஒரு வருஷத்துக்கு. திருத்தத்தை அக்காவே எழுதினார். 'நிர்வாணம் அடைந்தார் என்பதைக் காலமானார் எனத் திருத்தி வாசிக்கவும். அவர் மீண்டும் பிறப்பார் என்றே குடும்பத்தார் நம்புகின்றனர்.' இரண்டாவது வாக்கியத்தை வெட்டச் சொன்ன மேலாளரிடம், வெட்டினால் அந்த அம்மாவுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்கள் என்றார். அது வெட்டப்படவில்லை.

அக்கா ஓய்வுபெற்று இப்போது ஆறு வருஷம். நினைவு கத்தி மாதிரி இருக்கிறது, நான் மறந்துபோன என் பிழைகளைக்கூட அவர் மறக்கவில்லை. மூன்றாம் மாத தானத்துக்குப் போன அக்கா, இன்றும் வருஷத்துக்கு ஒருமுறை அந்த அம்மா வீட்டுக்குப் போய்வருகிறார். நான் செய்ததற்குப் பிறகும் அந்த இரண்டு பெண்களும் என்னை மனிதனாக நடத்தினார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. என் பிழையைத் திருத்த எனக்கு அடுத்த பிறவி வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறது?

ஆனால் அக்கா என்னோடு பேசாத அந்த நாட்களைச் சொல்லியாக வேண்டும். மொத்தம் பதினைந்து நாள். பதினாறாம் நாள் மதியம் பொறுக்க முடியாமல் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, என்னை மன்னிச்சுட்டீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, கேள்வியை உண்மையாகவே யோசித்தார்.

"பண்ணிட்டு மறைச்சானே, அவனை மன்னிக்கல. மன்னிக்கற உத்தேசமும் இல்ல. ஆனா வந்து சொன்னானே, அவனை எனக்குப் பிடிச்சிருக்கு. ரெண்டு பேரும் ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு வர்றீங்க, அதான் எனக்கு யார்கிட்டப் பேசறதுன்னு குழப்பமா இருக்கு."

"இப்ப யார் வந்திருக்கறது, அக்கா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உக்காரு" என்றார்.